எதிர்க்கடையைவிட ஒரு சைஸ் பெரிசு

விருத்தாசலத்தில் வேப்பூர் ரோட்டு லாரி ஷெட்டுகளுக்கு நடுவே போய் 'மாணிக்கவேல் டர்போ வொர்க்ஸ்' எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். 'டர்போக்கா கடை' என்று கேட்டால், டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் ஆற்றுவதை நிறுத்தாமல் முகவாயாலேயே வழி காட்டிவிடுவார்.

டர்போக்காவின் பெயர் பானுமதி. மாணிக்கவேலுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தபோது, கடையைப் பூட்டிவிட்டுப் பெண்ணாடத்துக்கு அம்மா வீட்டோடு போய்விடுவாள் என்றுதான் உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் கடையின் பின்னறையில் கட்டிலைப் போட்டாள். நேரம் தவறாமல் புருஷனைத் திருப்பிப் படுக்க வைத்தாள். முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை. நடுவில் கிடைத்த நேரத்தில் டர்போ பிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீசலில் சாமான் கழுவியவள். கழுவும்போது கண் பார்த்தது, வேண்டியபோது கைக்கு வந்தது.

டர்போ பார்க்க இரும்பு நத்தைகள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டியது போல இருக்கும். இஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு நத்தைக்குள் இருக்கும் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிகிற எண்ணெய் கூடும், இழுவை கூடும். போர்வெல் வண்டிக்காரர்களும் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரிக்காரர்களும் இந்தச் சாமானைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். அவள் கோத்துக் கொடுத்தது திரும்பி வராது.

இவ்வளவு இருந்தும் பானுமதிக்கு வயிறு எரிந்தது. அதைப் பூசி மெழுக ஒன்றுமில்லை. எரிந்தது எதிர்க்கடையைப் பார்த்து. எதிர்க்கடை மாணிக்கவேலின் தம்பி ராஜாங்கத்தினுடையது. பெயருக்குத்தான் அவன். நடத்துகிறவள் அவன் பெண்டாட்டி சண்முகப்ரியா. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். லாரியைத் தொடமாட்டாள், கார் மட்டும்தான். கண்ணாடிக் கதவு, உள்ளே வருகிறவர்களுக்கு மெத்தை நாற்காலி. லேப்டாப்பைக் காரோடு ஒரு ஒயரில் இணைத்து, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று அதிலேயே திருத்துவாள். மேப்பிங் என்பார்கள்.

பானுமதிக்குக் கதவைவிட அந்த நீலக் கையுறைதான் தாங்கவில்லை. நாள் முழுக்க இஞ்சினுக்குள் கை விட்டவள் சாயங்காலம் அதை உரித்துப் போட்டால், அடியில் விரல்கள் கல்யாண வீட்டுக்குப் போகலாம் போல இருக்கும். பானுமதியின் நகக்கண்ணில் ஏறிய கருப்பு எந்த சோப்புக்கும் இறங்கியதில்லை. ரோட்டில் கார் வேகம் குறைக்கும் சத்தம் கேட்டாலே அவள் ஸ்பேனர் நின்றுவிடும். எந்தப் பக்க விளக்கு சிமிட்டுகிறது என்று எட்டிப் பார்ப்பாள்.

"எத்தினி வாட்டி பாத்தாலும் அது அங்கதான் போவும். நீ என் வாயப் பாரு, கஞ்சி வழியுது" என்பார் மாணிக்கவேல். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலும் நக்கல் இரண்டு பக்கமும் வேலை செய்தது.

ஒருநாள் ஒரு வெள்ளைக் கார் இந்தப் பக்கம் சிமிட்டியது. பாரி வந்திருந்தான். செராமிக் கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட்டில் ஊறுகாய் ஜாடியும் கரண்டுக் கம்பத்துப் பீங்கானும் செய்கிற கம்பெனி அவனுடையது. அவன் அப்பா காலத்து லாரிகளுக்கு மாணிக்கவேல்தான் டர்போ பார்த்தவர்.

"அக்கா, முந்நூறு குதிரை சக்தி வேணும்க்கா. பிஸ்டன், ராடு எல்லாம் கோயம்புத்தூர்ல மாத்தி, தாங்கற மாதிரி பண்ணியாச்சு. டர்போ மட்டும் பாக்கி."

"எதிர்க்க கேக்கலையா?"

"கேட்டேன். ப்ரியாக்கா சின்னதா ஒண்ணு காட்டி, உங்களுக்கு இது போதும்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பானுமதி அப்போது வண்டி எங்கே ஓடும் என்று கேட்டிருக்க வேண்டும். யார் ஓட்டுவது, பாரம் எவ்வளவு, வெயிலில் எத்தனை தூரம் என்று கேட்டிருக்க வேண்டும். லாரிக்காரர்களிடம் அப்படித்தான் குடைவாள். இவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ எந்த சைஸ் சொன்னா?"

அவன் சொன்னான். பானுமதி அதற்கு மேல் சைஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"வண்டிக்கு வேணும்னு பெருசா, அவ சொன்னதுக்கு மேல வேணும்னு பெருசா?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"நீங்க தூங்குங்க."

சென்னையிலிருந்து டர்போ வந்தது. பூசணிக்காய் அளவில் பளபளவென்று இருந்தது. அவளே மாட்டினாள். மேப்பிங்குக்கு ரோட்டைத் தாண்டினால் போதும். தாண்ட மனமில்லாமல் பாண்டிச்சேரியிலிருந்து ஆளை வரவழைத்தாள். வந்தவன் டர்போவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். கேட்ட வேலையைச் செய்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பாரி ஓட்ட, பக்கத்தில் பானுமதி உட்கார்ந்து கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டு வரை கார் சோகை பிடித்தது போலப் போனது. ஆக்சிலேட்டரை மிதித்தால் விசில் சத்தம் வந்தது, இழுவை வரவில்லை. பாலக்கரையில் ஸ்கூலு பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோ ஒன்று ஆரன் அடித்து முந்திப் போனது. பின்னால் தொங்கிய பையன் கையாட்டினான். ஊரைத் தாண்டி ரோடு காலியானதும் பாரி மிதித்துப் பிடித்தான். இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஐயாயிரத்தைத் தொட்டது. அப்போதுதான் டர்போவுக்கு விழிப்பு வந்து, கார் யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலப் பாய்ந்தது. எதிரே கரும்பு டிராக்டர். பிரேக். டர்போ மறுபடியும் தூங்கிவிட்டது.

திரும்பி வந்து இறங்கியபோது சண்முகப்ரியா கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"என்னாக்கா, வண்டி நல்லா பாடுது. ஓட எப்ப கத்துக்குடுப்பீங்க?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர்கள் கூடச் சிரித்துவிட்டார்கள். பாரி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் விட்டுடறேன்."

தன் கடைக்கு வந்த முதல் காரே ரோட்டைத் தாண்டிப் போனால் இரண்டாவது கார் வராது என்று பானுமதிக்குத் தெரியும். அழவில்லை. அழுவதற்கு நேரமும் இல்லை, புருஷனைத் திருப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வண்டி எங்கிட்டதானே? நாளைக்கு நீ எங்கெங்க போறியோ, நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் அண்டைவீட்டு கொளஞ்சியம்மாளைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டுப் போனாள். பாரி வீட்டிலிருந்து கம்பெனிக்கு, அங்கிருந்து பேங்குக்கு, திரும்பக் கம்பெனிக்கு, மத்தியானம் சரக்கு விஷயமாகத் திட்டக்குடிக்கு என்று போய் வந்தான். பானுமதி ரோட்டைப் பார்க்கவே இல்லை. முள்ளைப் பார்த்தாள். இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவில்தான் அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேகத்தடை, ஆடு, பஸ்ஸு, ரயில்வே கேட்டு. ஐயாயிரம் என்பது அந்தக் காருக்கு வெளியூர்.

தன் தப்பு எங்கே என்று அவளுக்கு விளங்கிவிட்டது. போர்வெல் வண்டி இஞ்சின் துளை போட ஆரம்பித்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே வேகத்தில் ஓடும். அதற்கு எவ்வளவு பெரிய டர்போ மாட்டினாலும் அது விழித்தே இருக்கும். அதையே பார்த்துப் பழகிய கண் அவளுடையது. ஊருக்குள் ஓடும் கார் நிமிஷத்துக்கு நாலு தரம் நின்று கிளம்புகிறது. பெரிய சக்கரத்தைச் சுற்றப் போதுமான புகை சேர்வதற்குள் அடுத்த வேகத்தடை வந்துவிடும்.

வந்து உட்கார்ந்து முறையாகப் போட்டுப் பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு ஒரு பவுண்டு காற்று உள்ளே போனால் பத்துக் குதிரை, அது தோராயக் கணக்கு. முந்நூறுக்கு முப்பது பவுண்டு. சித்திரை வெயிலில் காற்று இளைத்துப்போகும், அதற்கு இரண்டு மூன்று சேர்த்துக்கொள்ளலாம். இந்த இஞ்சின் அதை விழுங்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்த்தாள். டர்போ கம்பெனிக்காரன் ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு படம் போட்டிருப்பான். இந்தக் காற்று, இந்த அழுத்தம் என்று புள்ளி வைத்தால், அது கோட்டுக்குள் நடுவாக்கில் விழ வேண்டும். இடது ஓரத்தைத் தாண்டினால் காற்று திரும்பி வந்து இருமும். வலது ஓரத்தைத் தாண்டினால் சக்கரம் வீணாகச் சுற்றிக் காற்றைக் கொதிக்க வைக்கும். மேல்வேகத்துக்கு ஒரு புள்ளி, மூவாயிரத்துக்கு ஒரு புள்ளி. இரண்டும் உள்ளே விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சண்முகப்ரியா சொன்ன அதே சைஸ்.

"என்னா, பூச்சி முழுங்கின மாதிரி மூஞ்சி?" என்றார் மாணிக்கவேல்.

"அவ சொன்னதுதான் சரி."

"அத சத்தமா சொல்லேன், அவளுக்குக் கேக்கட்டும்."

பானுமதிக்கு அதையே மாட்டுவது விஷம் குடிக்கிற மாதிரி இருந்தது. எங்காவது ப்ரியா சறுக்கியிருக்க மாட்டாளா என்று, சோற்றில் கல் தேடுவது போலத் தேடினாள். காற்றுப் பக்கத்தில் ஒன்றும் அகப்படவில்லை. புகைப் பக்க நத்தையின் ஓட்டுக்கு வந்தாள். அதிலும் அளவு உண்டு. ஓட்டின் வழி குறுகலாக இருந்தால் புகை சீறிப் பாய்ந்து சக்கரம் சட்டென்று சுற்றும். ஆனால் மேல்வேகத்தில் புகை வெளியேற வழியில்லாமல் சூடு இஞ்சின் பக்கமே முட்டும். ப்ரியா பாரிக்குச் சொன்னது இருப்பதிலேயே குறுகல். மிதித்தவுடன் துள்ளும், காரை எடுத்துப் போகிறவனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

குறுகலான ஓடு கோடையில் என்ன ஆகும் என்று பானுமதியிடம் கேட்க வேண்டும். சூட்டில் வெடித்த ஓடுகள் அவள் கடை வாசலில் பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தன. பாரி ஞாயிற்றுக்கிழமையானால் வேப்பூர் போய் ஹைவேயில் திருச்சி வரை விரட்டுகிறவன் என்று கூடப் போன அன்றே தெரிந்துகொண்டிருந்தாள். ஓட்டை மட்டும் ஒரு அளவு அகலமாக எடுத்தாள். விழிப்பு ஒரு இமைப்பொழுது தள்ளிப்போகும், சூடு இறங்கிவிடும். பொறாமையில் தேடியதுதான், ஆனால் கணக்கும் ஒத்துக்கொண்டது.

சென்னைக்காரனிடம் மாற்றி வாங்கி, சனிக்கிழமை காலையிலேயே மாட்டி முடித்தாள். பாண்டிச்சேரிக்காரன் வர முடியாது என்றுவிட்டான். வேறு வழியில்லை. பாரி காரை மெல்ல ஓட்ட, பானுமதி பின்னாலேயே நடந்து ரோட்டைத் தாண்டினாள். கண்ணாடிக் கதவுக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான்.

சண்முகப்ரியா பானெட்டைத் திறந்து குனிந்தாள். டர்போவில் அடித்திருந்த எண்ணைப் படித்தாள். சைஸ் தெரிந்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. புகைப் பக்க எண்ணைப் படித்ததும் அது நின்றது.

"எக்ஸாஸ்ட் ஓடு ஏன்க்கா பெருசு?"

"வெயில் காலம் வருதில்ல."

ப்ரியா நிமிர்ந்தாள். லேப்டாப்பை மாட்டி மத்தியானம் வரை திருத்தினாள். கடைசியில் கார் மூவாயிரத்திலேயே முதுகைச் சீட்டில் அழுத்தியது. உச்சிவெயிலில் வேப்பூர் வரை விரட்டிவிட்டு வந்தும், சூடேறினால் வரும் தட்டல் சத்தம் இஞ்சினில் இல்லை. பாரி போனில் வீடியோ எடுத்தான். அதில் விழுந்ததெல்லாம் பானெட்டும் லேப்டாப்பும் நீலக் கையுறையும்தான். அதை ஊரெல்லாம் பார்த்தது. பானுமதியும் பார்த்தாள், நாலைந்து தரம். ஒவ்வொரு தரமும் எரிந்தது.

சித்திரை பிறந்து வெயில் ஏறியது. ஒரு முற்பகலில் கண்ணாடிக் கதவு திறந்தது. சண்முகப்ரியா ரோட்டைத் தாண்டி வந்தாள். கையில் பழைய துணியில் சுற்றிய டர்போ. கையுறை இல்லை.

"அக்கா, சேத்தியாத்தோப்பு கஸ்டமருது. ஹைவேல அரைமணி ஓட்டினா தட்டுது. நான் போட்ட ஓடுதான் குறுகல்னு தோணுது. பாரிக்கு நீங்க எப்டி அளவு புடிச்சீங்க?"

பானுமதி நிமிர்ந்து பார்த்தாள். பிரிக்கிற சாமான் எதுவும் கையில் இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த பெஞ்சில உக்காரு ப்ரியா. மாமாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்துடறேன்."

லாரி டிரைவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கிரீஸ் படிந்த பெஞ்சில் சண்முகப்ரியா சுடிதாரை ஒதுக்கிக்கொண்டு நுனியில் உட்கார்ந்தாள். பானுமதி பின்னறைக்குப் போய் மாணிக்கவேலை நிமிர்த்தித் தலையணை வைத்தாள். சின்னக் கரண்டியை எடுத்தாள்.

"இப்பதானே புள்ள குடிச்சேன்?"

"இன்னொரு வாட்டி குடிங்க" என்றாள் பானுமதி. "மெதுவா. ஒவ்வொரு வாயா."