ஒரு அடிக் குழி

எங்கள் வீதிச் சங்கத்துச் செயலாளர் நல்ல உயரம். எந்த வீட்டு நிலையிலும் குனிந்துதான் நுழைவார். சம்பளமில்லாத வேலைதான், ஆனாலும் வீடு வீடாக வந்து குறை கேட்பார். தெருநாயிடம்கூட, "ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க" என்பார்.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய குழி என் வாசலில் மூடாமலே கிடந்தது. அதன் குறுக்கே போட்ட பலகையில் கால் வைக்கப் பயந்து நான் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். அவர் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, "வார்டு கூட்டத்துல நீங்களே சொல்லிப்போடுங்கக்கா" என்றார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. இருந்தாலும் கைபிடித்துக் குழியைத் தாண்டவைத்து அழைத்துப் போனார்.

கூட்டத்தில் நான் தலை குனிந்தே இருந்தேன். கடைசியில் அவரே எழுந்து மாநகராட்சி இன்ஜினியரிடம், "ஒரு குழி இருக்குதுங்க. ஒரு அடி ஆழந்தான், அவசரமில்லீங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ!

"ஒரு அடியாங்க? என்ற கழுத்து வரைக்கும் ஆழமுங்க! நேத்துப் பால்காரரு வண்டியோட உழுந்து, பாலெல்லாம் குழிக்குள்ள! வேணும்னா நீங்களே வந்து எறங்கிப் பாருங்க, இன்ஜினியர் சார்!"

கூட்டமே சிரித்துக் கை தட்டியது. மறுநாளே குழியை மூடிவிட்டார்கள்.

அன்று கூட்டம் முடிந்து திரும்பும்போதே அவரிடம் கேட்டேன். "எறங்கிப் பாத்துப்போட்டு, ஒரு அடின்னு சொல்றீங்களே?"

"நெட்டையனுக்கு அப்படித்தான் தெரியுமுங்கக்கா" என்றார், சிரிக்காமல்.

நிஜமாகவே அப்படித் தெரிந்ததா, என்னைப் பேச வைக்கத்தான் சொன்னாரா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் தெருவிளக்குக்காக நானே எழுந்தேன். அவர் வாயைத் திறக்கவே இல்லை.