பெட்ரிசியா சொன்ன சாட்சி

மலேசியாவில் லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் பெட்ரிசியாவுக்கு எச்.ஐ.வி. வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. லோரி ஓட்டிய கணவரிடமிருந்து வந்தது. அவர் நான்கே வருடத்தில் எலும்பும் தோலுமாகிச் செத்தார். அவளோ ஒரு மாத்திரைகூட விழுங்காமல் இன்றும் பழமூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்குகிறாள். "சாகப்போறவ" என்று அவளை ஒதுக்கிய இரண்டு மேஸ்திரி மண்டோர்களுக்கு அவளே சாவு மாலை வாங்கிப் போட்டிருக்கிறாள்.

"சிலருக்குக் கிருமியே நோஞ்சானா வந்து சேரும்," என்றார் சிரம்பான் ஆஸ்பத்திரி டாக்டர். "உங்களுக்கு அப்படி இல்லம்மா. அதே கிருமிதானே உங்க வீட்டுக்காரரைக் கொன்னுச்சு? அநேகமா இது பெத்தவங்க கொடுத்த மரபணு. நூத்துல ஒருத்தருக்குக்கூட அமையாது. ஆனாலும் கிருமி உள்ளேதான் இருக்கு, மாத்திரை போடுங்க."

"இத்தனை வருஷம் நானே அதை அடக்கி வெச்சிருக்கேன் டாக்டர், விடுங்கலா!"

ஜெபக்கூட்டம் நடத்தும் பெர்னார்ட், ஜெபத்தால் அவளுக்குப் பூரண சுகம் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தார். அவளும் மறுக்கவில்லை. ஏசிய வாய்கள் புகழ்வது இனிக்கத்தான் செய்தது.

சென்ற மாதம், அதே நோயுள்ள கிளென் அவளைத் தேடி வந்தான். செண்டாயான் தொழிற்சாலையில் வேலை.

"ஆன்ட்டி, நானும் மருந்தை நிப்பாட்டிட்டேன். நாலு மாசமாச்சு. உங்க மாதிரி ஜெபம் மட்டும்தான்."

அவன் கன்னம் ஒட்டியிருந்தது. அந்த ஒட்டலைக் கணவர் முகத்தில் அவள் பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பெர்னார்ட் சாட்சி சொல்ல அழைத்ததும் எழுந்துபோய் மைக்கை வாங்கினாள். கிளென் பக்கம் திரும்பவேயில்லை.

"எனக்குச் சுகமாகல. கிருமி இன்னும் உள்ள இருக்கு. என் பிறப்பு அப்படி, அதான் நோயில படுக்கல. அந்தப் பிறப்பு இங்க வேற யாருக்கு இருக்குன்னு யார் கண்டா? என்னைப் பார்த்து எவனாவது மருந்தை விட்டா, செத்துப்போவான்."

"சிஸ்டர், விசுவாசத்தைக் குலைக்காதீங்க. மைக்கைக் கொடுங்க!"

"கொடுக்க மாட்டேன். என் புருசன் உங்களைவிட அதிகமா ஜெபம் பண்ணினவர்."

மைக்கை அணைத்தார்கள். நாலு மரநிரை தாண்டி ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லிவிட்டே இறங்கினாள்.

வெளியே கிளென் சீறினான். "மாத்திரை இல்லாமலே குதிரை மாதிரி இருக்கீங்க. உங்களுக்குச் சொல்றது சுலபம்!"

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருட வீறாப்பை அவள் அங்கேயே இறக்கி வைத்தாள்.

"சரிடா. நாளைக்கு நானும் ஆரம்பிக்கிறேன். உன் மோட்டார்சைக்கிள்ல என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போ."

மறுநாள் மருந்துக் கவுண்டர் வரிசையில் அவனை முன்னால் விட்டு, நழுவிவிடாதபடி அவள் பின்னால் நின்றாள்.