பாப்பாத்தியின் ஸ்டவ்வும் வளைகுடாப் போரும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இட்லிக்கடை வைத்திருந்த பாப்பாத்தி எந்தச் சண்டையிலும் யார் பக்கமும் சேராதவள். மண்டல் அறிக்கைக்காக ஊரே கொடி பிடித்த தொண்ணூறாம் வருஷம், இடஒதுக்கீடு வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களும் அவள் கடையில்தான் சாப்பிட்டார்கள். கூடாது என்று முணுமுணுத்த ஆபீஸ்காரர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். இரண்டு தரப்புக்கும் அவள் ஊற்றியது ஒரே தண்ணீர்ச் சட்னி.

புருஷன் காசிநாதனுக்குக் கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிப்பதுதான் உத்தியோகம். அடுத்த தை மாதம் வளைகுடாவில் போர் மூண்டதும் மனுஷன் குளிப்பதையே மறந்துவிட்டார். ஏவுகணை எதிர்வீட்டுக் கூரையில் விழுந்ததுபோலப் பதறுவார். கடைசியில், நமக்கு அதில் பங்கில்லை, இந்தியா நடுநிலை நாடு என்று மீசையைத் தடவிக்கொள்வார், ஏதோ அவரே அதைக் காவல் காப்பதுபோல.

நடுநிலை நாட்டில் முதலில் மண்ணெண்ணெய் காணாமல் போனது. பாப்பாத்தியின் பம்ப் ஸ்டவ் அணைந்தது. கச்சிராயபாளையத்துப் பச்சை விறகை வைத்து ஊதினாள். சாப்பிட வந்தவர்கள் எழவு வீட்டுக்கு வந்ததுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வரவில்லை.

அந்த வாரம்தான், அமெரிக்க ராணுவ விமானங்கள் மெட்ராஸில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போவதாகக் காசிநாதன் வாசித்தார். பாப்பாத்தி ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

“அப்ப நாம சண்டையில இருக்கோமா, இல்லியா?”

“எண்ணெ மட்டும்தான் நாம ஊத்துறோம். குண்டு அவன் போடுறான்.”

“மாவு மட்டும்தான் நான் ஊத்துறேன், தின்றது அவங்க. அப்ப இட்லிக்கடை என்னுது இல்லியா?”

காசிநாதன் சினிமாப் பக்கத்துக்குத் தாவினார்.

அவள் காலி டின்னைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். சரக்கு இல்லை என்றார்கள். நேராகச் சேலம் ரோட்டின் நடுவே டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். வரிசையில் நின்ற பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். மறியலுக்குப் பழகிப்போன பஸ் டிரைவர்கள் ஹாரன்கூட அடிக்காமல் இறங்கி பீடி பற்றவைத்தார்கள்.

அவள் கடையில் தினமும் சாப்பிடும் எஸ்.ஐ. வந்தார். நீயுமா என்று கேட்டார்.

“எனக்கு யாரோடவும் சண்ட இல்லிங்க சார். அந்தப் பிளேன ஒருதபா நம்மூர்ப் பக்கம் திருப்பி வுடுங்க. ஒரு டின்னு புடிச்சிக்கினு போயிடறேன்.”

எல்லோரையும் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மத்தியானம் வந்த உப்புமாவைப் பார்த்துப் பாப்பாத்திக்கு அன்றைய தினத்தின் உண்மையான கோபம் வந்தது. மண்டபத்துச் சமையல்காரனை விலக்கிவிட்டு, கைதானவர்களுக்கும் கைது செய்தவர்களுக்கும் அவளே கிளறினாள். சாயங்காலம் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காசிநாதன் கல்லாவிலிருந்து எழுந்து நின்று வாசித்தார்: போர் விமானங்களுக்கு எரிபொருள் தருவதைக் கண்டித்துக் கள்ளக்குறிச்சியில் பெண்கள் மறியல்.

“கிருஷ்ணாயில் எப்ப வருதுன்னு போட்டிருக்கானா, பாருங்க” என்றாள் பாப்பாத்தி.

போடவில்லை.