ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

அந்தச் சீட்டுக்கட்டில் எப்போதும் மெஷின் ஆயில் வாசம் அடிக்கும். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த அறையில், ஞாயிறு மதியம் அதைப் பாயில் கொட்டுவார்கள். எல்லோரும் மறைமலை நகர் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலில் ஆயில் போகாது. விரலிலிருந்து சீட்டுக்கு ஏறிவிடும். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நான் அங்கே போவேன். சாயங்காலம் விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டே சேரப்பணஞ்சேரிக்கு பஸ் ஏறுவேன். அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ, பாஸ்டருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பயப்படுவதற்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

ரம்மி டோர்னமென்ட் என்று பெரிதாகப் பேர் வைத்திருந்தோம். காசு கிடையாது. புள்ளி ஏற ஏற ஒவ்வொருவராக வெளியேறுவோம். கடைசியில் நிற்பவனுக்கு மற்றவர்கள் பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் சபையில் சீட்டு என்றாலே சாத்தானின் சங்காத்தம். சிலுவையடியில் சேவகர்கள் ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்ட கதையை பாஸ்டர் பெரிய வெள்ளியன்று சொல்லும்போது, என் கை தானாகப் பாக்கெட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

1991இல் எனக்குப் பெண் நிச்சயம் செய்தார்கள். பெண்ணின் அப்பா எங்கள் சபையிலேயே காணிக்கைப் பை எடுப்பவர். வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். அதிகம் பேசமாட்டார். எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு பாஸ்டர் சபையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் ஓலை அன்று அவர் நின்ற நேரம் எனக்கு முடியவே இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நிம்மதியில்தான் மதியம் அறைக்குப் போனேன்.

சீட்டைக் கலைக்கும்போது ஒருவன் உள்ளே வந்தான். "எங்க லைன் சூப்பர்வைசரக் கூட்டியாந்துகீறேன்பா. சும்மா பூந்து வெளையாடுவாரு."

அவன் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் என் வருங்கால மாமனார். காலையில் என் முன்னால் பையை நீட்டிய கை, இப்போது கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காரு தம்பி. இன்னாத்துக்கு எழுந்துக்கினே?" என்றார், என்னை இதற்குமுன் பார்த்தே இராதவர்போல.

அதன்பிறகு என் கண்ணுக்குச் சீட்டு தெரியவில்லை. ஓலையைக் கிழித்துவிடுவாரா, வீட்டில் சொல்லிவிடுவாரா, இல்லை அவர் ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டதே என்று அதற்காகவே சம்பந்தத்தை முறிப்பாரா? "இன்னா மச்சி, ஃபேன் ஓடிக்கினு கீது, உனக்கு மட்டும் இப்படி வேர்த்து ஊத்துது?" என்று பக்கத்தில் இருந்தவன் கிண்டல் செய்தான். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் அவரும் நானும்தான்.

எடுத்த சீட்டு ஹார்ட்டின் ஏழு. கை முழுதாகச் சேர்ந்துவிட்டது. 'டிக்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெயித்துவிடுவேன். மாமனாரை ஜெயிப்பதா? எல்லாச் சீட்டையும் கவிழ்த்து வைத்து, ஆட்டத்தை விடுகிறேன் என்றேன். அதில் ஏறிய புள்ளியில் நான் அவுட்.

மற்றவர்கள் கத்திக்கொண்டு அவர் முதுகில் தட்டிவிட்டுப் பிரியாணிக்குக் காசு பிரிக்கப் போனார்கள். விட்ட கையை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்டத்தின் சட்டம். அவர் என் சீட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அல்லாம் சேந்துகினு கீதே. எனக்குப் பயந்துகினு கவுத்தியா?"

தலையாட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "சீட்டாடுறவனுக்குப் பொண்ணு குடுக்கலாம் தம்பி, நானே ஆடுறவன்தான். கைல கீறதக் காட்டவே பயப்படுறவனுக்கு எப்புடிக் குடுக்குறது? நாளைக்கு எவனாவது அதட்டுனா எம்பொண்ணயும் இப்புடித்தான் கவுத்து வெப்பியா?"

பிரியாணி வருவதற்குள் போய்விட்டார்.

இரண்டாவது ஓலைக்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழவில்லை. ஆனால் பை நீட்டும்போது என்னைத் தாண்டி எங்கோ பார்த்தார். அந்த வாரம் கம்பெனியில் பிரஸ் மெஷினில் பீஸ் பீஸாக ரிஜெக்ட் ஆக்கினேன். முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை. ஆண்டவரே, அவர் வாயைக் கட்டும் என்று கேட்க வாயெடுப்பேன். அது ஹார்ட்டின் ஏழு வரவேண்டும் என்று கேட்பதுபோலவே இருக்கும். வெட்கப்பட்டு எழுந்துவிடுவேன். மூன்றாவது ஓலை அன்று, தடை உண்டா என்று பாஸ்டர் கேட்டதும் அவர் தொண்டையைச் செருமினார். செருமியதோடு சரி.

ஆராதனை முடிந்து சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்தார். "மதியம் வருவியா?" அவ்வளவுதான் கேட்டார். கல்யாணம் உண்டா என்று நானும் கேட்கவில்லை.

போனேன். மறுபடியும் கடைசியில் நாங்கள் இருவர். எனக்கு ஒரே ஒரு சீட்டு வேண்டும். என் உதடு அசைந்துகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

"ஜெபத்த நிறுத்து மாப்ள," என்றார். "நானும் அவரத்தான் கூப்புட்டுக்கினு கீறேன். ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கினு அவரு இன்னா பண்ணுவாரு பாவம்? கையப் பாத்து ஆடு."

மாப்ள என்றாரே, அது காதில் விழுந்து உள்ளே இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. சீட்டை எடுத்தேன். சேர்ந்தது. "டிக்!" என்று தேவைக்கு மேல் கத்திவிட்டேன். அவர் என் சீட்டை வரிசையாக விரலால் தள்ளித் தள்ளி, கம்பெனியில் பீஸ் செக் பண்ணுவதுபோலப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்து, "பிரியாணி வாங்கியாற யார்ரா போறது?" என்றார்.

யாரோ ஒருவர் தோற்றால்தான் எனக்குக் கிடைக்கும் என்றிருப்பதை அதன்பிறகு நான் ஜெபத்தில் கேட்டதில்லை. நாக்கு நுனிவரை வந்த நாட்கள் நிறைய.

இப்போது அந்த அறை இருந்த இடத்தில் ஒரகடம் ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன. மாமனாரும் இல்லை. பிள்ளைகள் செல்போனில் ரம்மி ஆடுவதைப் பார்த்தால் என் மனைவி அதட்டுவாள்: "எங்கப்பா சீட்டக் கையால தொட்டதில்ல, தெரியுமா?" நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். இது அச்சில் வந்தால் முதலில் படிப்பது அவள்தான். பயமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.