ஒரு பதிலுக்கு ஒரு வரி

மூன்றாம் மாடி ஆள் நாற்பத்தொரு பேரைத் தொலைத்துவிட்டாராம் என்று லிஃப்டில் யாரோ சொன்னது, கேன்டீன் வரிசைக்கு வருவதற்குள் "போலீஸ் வேற வருதாம்" என்று வளர்ந்திருந்தது. தட்டோடு நின்ற கட்டக்காரர் காதிலும் விழுந்தது. தொலைத்தவர் அவர்தான்.

இருபது வருஷமாகக் கணக்கெடுப்புத் தாள்களைக் கணினிக் கட்டங்களில் அடுக்குவதே பிழைப்பு. அதனால் அந்தப் பட்டப்பெயர். இந்தமுறை தனியாகக் குடியிருக்கும் ஆயிரத்து இருநூறு பேரிடம் ஒரு கேள்வி: திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பொருந்துவதையெல்லாம் குறிக்கலாம். மகள், நண்பர், பக்கத்து வீடு என்று ஒருவருடைய பதில்களெல்லாம் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அப்படியே எண்ண முடியாது. பிரித்து, ஒரு பதிலுக்கு ஒரு வரி என்று இறக்கினார். பார்க்கக் கண் நிறைந்தது. ஆனால் எதையும் குறிக்காதவருக்குப் பதில் இல்லை, அதனால் வரியும் இல்லை. அப்படி நாற்பத்தொரு பேர் சத்தமில்லாமல் உதிர்ந்துபோனார்கள். வாரம் ஒருமுறை யாரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுக்கப் போவதே இந்த அறிக்கையை வைத்துத்தான்.

"கேள்வியைத் தாண்டிப் போயிருப்பாங்க சார், விடுங்க," என்றாள் மேலதிகாரி.

"மத்த கேள்விக்கெல்லாம் பதில் இருக்கு மேடம். இது மட்டும்தான் காலி."

"அப்ப?"

"கூப்பிட ஆள் இல்லையோ என்னவோ."

அவள் பேனாவை மூடினாள். "சாயங்காலத்துக்குள்ள சேத்துடுங்க. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி."

முதல் பட்டியலோடு ஒப்பிட்டு, நாற்பத்தொருவரையும் திரும்பக் கூட்டிவந்தார். பதிலிடத்தில் 'யாருமில்லை' என்று அடித்தார். அவர்கள் சொல்லாததைத் தான் சொல்வானேன் என்று அழித்து, 'எவரையும் குறிக்கவில்லை' என்று மாற்றினார்.

பட்டியலை இறக்கிக்கொண்டே வந்தபோது தன் வீட்டு எண் கண்ணில் பட்டது. தனியாகக் குடியிருப்பவர்தானே அவரும். ஒரே வரி: அக்கா. குறித்தபோது யோசிக்கவே இல்லை. அக்கா கடல் தாண்டி இருக்கிறாள். பேசி ஒன்றரை வருஷமாகிறது. இந்த வரி நிஜமா, இல்லை இவரும் நாற்பத்திரண்டாவது ஆளா?

அறிக்கையை அனுப்ப இன்னும் அரை மணி இருந்தது. கைபேசியை எடுத்தார். அவளுக்கு அங்கே இப்போது ராத்திரி ஆகியிருக்கும், வீட்டில்தான் இருப்பாள். "உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்," என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எண்ணை அழுத்தினார். ஐந்தாவது மணி போனது. ஆறாவது. கணினித் திரையில் அந்த ஒற்றை வரியிலிருந்து கண்ணை எடுக்காமல், கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார்.