உச்சி எம்ரிஸ்

வேல்ஸ் நாட்டின் வடக்கு மேட்டில் இருக்கிற அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஜோன்ஸ் மேல்தான் விழும். கொஞ்சம் குறி பார்த்து எறிந்தால் எம்ரிஸ் ஜோன்ஸ் மேலேயே விழும். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். கடிதம் கொடுத்தவர் தபால் எம்ரிஸ். சிரித்தாலே தெரிந்துவிடுகிறவர் ஒத்தைப்பல் எம்ரிஸ். நம்மவர் உச்சி எம்ரிஸ். மோயல் வென் குன்றின் உச்சி அவருடைய மேய்ச்சல் நிலத்தில் இருந்தது.

உச்சி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வழுக்கைத் தலை மாதிரி ஒரு மேடு, சுற்றிலும் கோரையும் கால் புதையும் கரிச்சேறும், ஓயாத தூறல். வழி தவறியவர்களும், ஏறிய குன்றுகளைக் கணக்குச் சொல்லித் திரியும் பட்டணத்துக்காரர்களும்தான் வருவார்கள். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து எம்ரிஸ் மேலே போகும்போதெல்லாம் ஒரு கல்லைச் சுமந்துபோய், ஆள் உயரத்துக்குக் குவியல் அடுக்கியிருந்தார். வீட்டின் பின்பக்க மதில் பாதி காணாமல் போயிருந்தது. அது எங்கே என்று மனைவிக்குத் தெரியும்.

ஒரு கோடையில் நில அளவைக்காரர்கள் கருவியோடு வந்தார்கள்.

"உச்சி இது இல்லைங்க. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கே, அந்த மேடு. அது ஒரு சாண் அதிகம்."

"என் குவியலையும் சேர்த்து அளந்தீங்களா?"

"மனுஷன் வச்ச கல்லு கணக்குல வராதுங்க."

அந்தப் பக்கம் நெஸ்டாவின் நிலம். அந்த விதவை பெருமைப்படக்கூட இல்லை. "எனக்கெதுக்குய்யா அது? வேணும்னா சாக்குல அள்ளிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஒத்தைப்பல் ஆரம்பித்துவைத்தார். "இனிமே உன்னை எப்படிடா கூப்பிடறது? கிட்டத்தட்ட எம்ரிஸ்னா?"

அந்த ஊரில் ஒரு பட்டப்பெயருக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், சாகும்வரை அதுதான் பெயர். எம்ரிஸ் திரும்பவில்லை. சந்தையில் கூப்பிட்டார்கள், சாராயக் கடையில் கூப்பிட்டார்கள். குளிர்காலம் முழுக்கக் கழுத்தை இரும்பாக வைத்துக்கொண்டு நடந்தார். மருந்துக்கடைக்காரர் பரிதாபப்பட்டுச் சுளுக்குத் தைலம் கொடுத்தார்.

அவருடைய ஆடுகளுக்கு அந்த வைராக்கியம் இல்லை. தாய் மேய்ந்த இடத்தில்தான் குட்டி மேயும். வேலி எதற்கென்று அவற்றுக்குத் தெரியாது. வசந்தத்தில் ஒரு நாள் கடைத்தெருவில் நெஸ்டாவின் குரல் கேட்டது.

"யோவ், கிட்டத்தட்ட எம்ரிஸ்!"

எம்ரிஸ் நேராக நடந்தார்.

"உன் சினை ஆடு என் உச்சிச் சேத்துல வயிறு வரைக்கும் புதைஞ்சு கத்துதுய்யா!"

இன்னும் நாலு எட்டு நடந்தார். எதிரே கடை வாசலில் ஒத்தைப்பல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்த ஆடு? காது கிழிஞ்சதா?"

கேட்ட பிறகுதான், தான் நெஸ்டாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எம்ரிஸுக்குத் தெரிந்தது.

"அதேதான்," என்றாள் நெஸ்டா. "கயிறு எடுத்துட்டு வா, கிட்டத்தட்ட."