துணுக்காய் நாயின் வயிற்றில் இருந்தவை

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் நான் மிருக வைத்தியர். மாட்டுக்குத் தடுப்பூசி போடுவது, நாம்பன் காளைக்கு விதை நீக்கி நலமடிப்பது, எருமையின் வயிற்றில் சிக்கிய கன்றை இழுத்தெடுப்பது, இவைதான் வேலை. நாய்க்கு வைத்தியம் கேட்டு எவரும் வருவதில்லை. நாயின் வயிற்றைத் திறக்கப் படித்த படிப்பெல்லாம் வீணாகிறதே என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் துணுக்காயிலிருந்து தங்கம்மா நெல் லொறியில் வந்திறங்கினார், கைகளில் ஒரு பெட்டை நாயுடன். அவர் அரசு கொடுத்த குடியேற்றக் காணியில் வயல் செய்பவர். பன்றி வயலில் இறங்காமல் காப்பது அந்த நாய்தான்.

"குட்டித்தாச்சி ஐயா. சோறு வைச்சால் மணந்தும் பாக்குதில்லை. இது செத்துதெண்டால் இந்தப் போகம் பன்றிக்குத்தான்."

வயிற்றைத் தடவினேன். இடது பக்கம், சிறுநீரகத்துக்குச் சற்றுப் பின்னால், கல்லுப் போல ஒன்று கைக்குள் உருண்டது. முட்டை விளையும் சூலகத்தில் கட்டி! புத்தகத்தில் மட்டும் கண்டது கையில் அகப்பட்ட சந்தோசப் புளுகத்தில் அத்தோடு கையை எடுத்துவிட்டேன்.

"இது குட்டியில்லை. சூலகத்தில வளந்த கட்டி."

"கடுவன் நாயோட கூடினதை என்ர கண்ணால கண்டனான். குட்டிக்கு ஆக்கள் சொல்லியும் வைச்சிருக்கினம்."

அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. இத்தகைய கட்டி ஓமோன் சுரக்கும், அதனால் பொய்ப் பருவம் வரும், கடுவன்கள் ஏமாந்து கூடும், கரு தங்காது என்று நின்ற நிலையில் விரிவுரை நடத்தினேன். ஏமாந்தது கடுவன்கள் அல்ல என்பது பின்னர்தான் தெரிந்தது.

"குட்டி இருந்தால் நான் உத்தியோகத்தை விட்டிட்டு உங்கட வயலில பன்றி கலைக்க வாறன்" என்று வேறு சொன்னேன்.

"எனக்கு நாய் பிழைச்சால் காணும்" என்றுவிட்டு அவர் வெளியே போய் யன்னலடியில் குந்தினார்.

உதவியாளர் நடராசா ஈதர் கொடுத்து நாயை மயக்கினார். நடுவயிற்றைத் திறந்தேன். சின்னத் தேங்காயளவில் கட்டி தெரிந்தது. எங்கும் பரவியிருக்கவில்லை. பெருமையுடன் நடராசாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அங்கால வரிசையாக் கிடக்கிறதும் கட்டியோ?"

கருப்பையின் இரு கொம்புகளும் மணி கோத்தது போலப் புடைத்திருந்தன. அத்தனையும் குட்டிகள்.

புத்தக முறைப்படி சூலகங்கள் இரண்டையும் கருப்பையோடு சேர்த்து அகற்ற வேண்டும். ஆனால் நாயின் கருவைக் கடைசிவரை தாங்குவது சூலகம் சுரக்கும் ஓமோன். இரண்டையும் எடுத்தால் குட்டிகள் போய்விடும். ஒன்றை விட்டால் பின்னர் அதிலும் கட்டி வரலாம். நாய் தங்கம்மாவுடையது. ஆகவே யன்னல் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"தங்கம்மா, கட்டி இருக்கு. குட்டியும் இருக்கு."

யன்னலுக்கு வெளியிலிருந்து தங்கம்மா கேட்டார்:

"அப்ப பன்றி கலைக்க எப்ப வாறியள்?"

நடராசாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது. நிலைமையைச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டேன். தங்கம்மாவின் குரல் மாறியது. "முதல் தாயைக் காப்பாத்துங்கோ ஐயா. அதுக்கு மோசமில்லையெண்டால் குட்டியளையும் விடுங்கோ."

வலது சூலகத்தை விரலால் உருட்டிப் பார்த்தேன். மாசில்லை, கருவைத் தாங்கும் மஞ்சள் முண்டுகளும் அதில் இருந்தன. இடது சூலகத்தைக் கட்டியோடு மட்டும் எடுத்து, இரத்தக் குழாயை இரட்டை முடிச்சிட்டுக் கட்டி, கருப்பையைத் தொடாமல் வயிற்றை மூடினேன். மாலையில் நாய் தலை தூக்கி, தங்கம்மாவின் கையிலிருந்த கஞ்சியை நக்கியது. எனக்கும் அப்போதுதான் பசித்தது.

தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. நோயைக் கண்டுபிடித்த அந்தக் கணத்தில்தான் வைத்தியனுக்குக் கண் தெரியாமல் போகிறது. கட்டி அகப்பட்ட பிறகும் கையை எடுக்காதீர்கள், மற்றப் பக்கத்தையும் தடவுங்கள்.

குட்டிகள் சுகமாகப் பிறந்தன. பால் மறந்ததும் தங்கம்மா ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் விட்டார். "நீங்கள் இல்லையெண்டு சொன்னதில ஒண்டு" என்றார். அது எங்கள் வீட்டில் நெடுங்காலம் வளர்ந்தது. நான் எதையாவது அடித்துச் சொல்லத் தொடங்கினால், மனைவி குசினியிலிருந்து குரல் கொடுப்பாள்:

"இஞ்சருங்கோ, அந்த இல்லாத நாய்க்குச் சோறு வைச்சாச்சோ?"